தக்கைக் கட்டணம் (சொகுசுக் கப்பல்கள்)

தக்கைக் கட்டணம் என்பது, வாடிக்கையாளர் தாமே கொண்டுவரும் வைன் (திராட்சை மது) புட்டியை அருந்த அனுமதிப்பதற்காக உணவகங்களும் சொகுசுக் கப்பல்களும் பெறும் தொகை ஆகும். வைன் புட்டிகள் மரபாகத் தக்கையால் அடைக்கப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது. திருகுமூடி உள்ள புட்டிகளுக்கும் இக்கட்டணம் பொருந்தும்.

விதிமுறைகள்

பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் வடித்திறக்கிய மதுவகைகளைக் கொண்டுவரத் தடை விதிக்கின்றன. வைனுக்கு மட்டும் அளவோடு இடமளிக்கின்றன. இடைத் துறைமுகங்களில் வாங்கப்படும் விஸ்கி, ரம் முதலியவை பொதுவாகப் பயண இறுதிவரை ஊழியரிடம் இருக்கும். விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; அவ்வப்போது திருத்தப்படுவதும் உண்டு.

* கார்னிவல் குரூஸ் லைன்: 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் திறக்கப்படாத 750 மி.லீ. புட்டி ஒன்றைப் பயணம் தொடங்கும் நாளில் கைப்பையில் கொண்டுவரலாம். அறையில் அருந்தினால் கட்டணமில்லை. உணவுக்கூடத்தில் அருந்தினால் 15 டாலர்.
* நார்வீஜியன் குரூஸ் லைன்: புட்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆனால் 750 மி.லீ. புட்டிக்கு 15 டாலரும், 1.5 லிட்டர் புட்டிக்கு 30 டாலரும் செலுத்த வேண்டும். அறையிலேயே அருந்தினாலும் இக்கட்டணம் உண்டு. அட்டைப்பெட்டியில் அடைக்கப்பட்ட வைனுக்கு அனுமதியில்லை.

பொருளாதாரப் பின்னணி

இக்கட்டணம் புட்டியைத் திறக்கும் உழைப்புக்கான கூலி அன்று; இழந்த விற்பனைக்கான ஈடே ஆகும். பயணச்சீட்டின் விலையைக் குறைவாக வைத்து, மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா ஆகியவற்றின் மூலம் வருவாய் ஈட்டுவது இத்தொழிலின் வழக்கம். 2023-ஆம் ஆண்டில் கார்னிவல் குழுமத்தின் மொத்த வருவாயான சுமார் 2,160 கோடி டாலரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டு அல்லாத வழிகளில் வந்தது.

இதற்கு மாறாக, வைக்கிங் நிறுவனத்தின் கடற்பயணங்களில் மதிய, இரவு உணவுடன் தரப்படும் வைனின் விலை பயணச்சீட்டிலேயே அடங்கும். விற்பனை இழப்பு பெரிதாக இல்லாத அக்கப்பல்களில் பயணிகள் மது கொண்டுவரலாம். தக்கைக் கட்டணமும் இல்லை.

பயணிக்குக் கிடைக்கும் பயன்

கட்டணம் புட்டியின் விலையைப் பொறுத்து மாறுவதில்லை. எனவே 10 டாலர் வைனுக்கு 15 டாலர் செலுத்தினால் செலவு 25 டாலராகி, கட்டணமே விலையை விஞ்சிவிடும். 60 டாலர் வைனுக்கு அதே கட்டணம் விலையில் கால் பங்கு மட்டுமே. ஆகவே விலையுயர்ந்த வைனைக் கொண்டுசெல்வோருக்கே இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* வைன்
* தக்கை
* சொகுசுக் கப்பல்