கூண்டு கட்டிய கைகள்

வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் கோட்டையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், மக்கள் எத்தொழில் செய்து வாழ்ந்தனர், அத்தொழிலில் எவ்வாறு படிப்படியாக உயர்ந்தனர் என்பதும் வரலாறே ஆகும். மோட்டார் வண்டிகளுக்குக் கூண்டு கட்டுதலும், மோதி நசுங்கிய கூண்டைச் செம்மை செய்தலும் அத்தகைய தொழில்களாம். நம் காலனியில் ஆண்டுதோறும் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேறுகின்றனர், ‘அடுத்து என்ன?’ என்னும் கேள்வியும் ஆண்டுதோறும் எழுகின்றது. அதற்கு இத்தொழிலும் ஒரு விடையாகுமா என்பதை அதன் வரலாற்றைக் கொண்டே ஆராய முற்படுவோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்தது கல்லாறு. வழவழப்பான பாறைகளுக்கிடையே ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. ‘கல்’, ‘ஆறு’ என்னும் இரு சொற்களும் நமக்கும் மலையாள நாட்டு அன்பர்க்கும் பொதுச் சொத்து. கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் பேருந்தின் அடிச்சட்டம் முறுக்குண்கிறது. ஒரு சக்கரம் உயர, மறுபுறச் சக்கரம் தாழ, கூண்டின் மூட்டுகளெல்லாம் இழுபடுகின்றன. பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வாற்பகுதி, திரும்பும்போது புறத்தே ஒதுங்கிப் பாறையில் உரசவும் கூடும். பயணிகள் மலையையும் மூடுபனியையும் கண்டு மகிழ்கின்றனர். தம்மைச் சுமந்து ஏறும் கூண்டைக் கட்டியவர் யார் என்று எண்ணுவோர் அரியர்.

இப்பகுதியில் அந்தக் கதை 1937-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. திருவிதாங்கூர் அரசு, போக்குவரத்துத் துறையை நிறுவும் பொறுப்பை இலண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்டர் என்பாரிடம் ஒப்படைத்தது. இங்கிலாந்திலிருந்து ‘கோமர்’ என்னும் வகையைச் சேர்ந்த 60 அடிச்சட்டங்கள் தருவிக்கப்பட்டன. கூண்டுகளோ கப்பலில் வரவில்லை. சால்டரின் மேற்பார்வையில் இவ்வூர்த் தொழிலாளரே அவற்றைக் கட்டினர். 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் அத்துறையைத் தொடங்கி வைத்தார். முதல் வண்டியைச் சால்டரே ஓட்டினார். சாக்கையில் தொடங்கிய கூண்டு கட்டும் பட்டறை பின்னர்ப் பாப்பனங்கோட்டுக்கு மாறியது. 1965-இல் அத்துறை கேரள அரசுச் சாலைப் போக்குவரத்துக் கழகமாயிற்று.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். அத்துறை தொடங்கியபோது, பட்டதாரிகள் ஏறத்தாழ நூற்றுவர் ஆய்வாளராகவும் நடத்துநராகவும் அமர்த்தப்பட்டனர் என்னும் செய்தி இன்றும் எடுத்துரைக்கப்படுகின்றது. சுத்தியலும் உளியும் பிடித்துக் கூண்டு கட்டியவர்களைப் பற்றியோ ‘இவ்வூர்த் தொழிலாளர்’ என்னும் இரண்டு சொற்களே நிற்கின்றன. பட்டம் பெற்றவர் பதவியின் பெயரால் நினைக்கப்பட்டார். கைத்திறன் பெற்றவர் கூட்டத்துள் மறைந்தார். இவ்வேறுபாடே இத்தொழில் வரலாறு முழுவதும் நம்மைத் தொடர்ந்து வருகின்றது.

கூண்டு கட்டும் திறன் ஒரு நாளில் வந்ததன்று. சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்ப்சன் கம்பெனி, முதலில் குதிரை வண்டிகள் செய்த நிறுவனம் ஆகும். அங்கேதான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். குதிரை வண்டிக்குச் சட்டம் இழைத்த தச்சரும், பட்டை அடித்த கொல்லரும், வர்ணம் பூசியவரும் அவ்வாறே மோட்டார்த் தொழிலுக்குள் அடியெடுத்து வைத்தனர். அக்காலக் கூண்டு மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்தியது. ஆகவே தச்சரே அங்குத் தலைவர். காலம் மாறி எஃகு வந்தபோது உளி பின்வாங்கி, வெல்டிங் முன்வந்தது. பேருந்துக்கும் லாரிக்கும் ஆலைகள் வெறும் அடிச்சட்டத்தையே விற்று வந்தமையால், கூண்டு கட்டும் வேலை உள்ளூர்ப் பட்டறைகளுக்குக் கிட்டியது. கரூர் பேருந்துக் கூண்டுக்கும், நாமக்கல் லாரிக் கூண்டுக்கும் பெயர் பெற்றதன் அடிப்படை இதுவே.

நம் இரயில்வேயும் இம்மாற்றத்தைக் கண்டதே. பழைய மரப்பெட்டிகள் மோதலில் சிதைந்து ஒன்றினுள் ஒன்று புகுந்து பேரழிவை விளைத்தன. 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நாட்டின் தொழில்நுட்பத் துணையோடு முழு எஃகுப் பெட்டிகளைச் செய்யலாயிற்று. கார்களிலும் ஏறத்தாழ அதே காலத்தில் அடிச்சட்டமும் கூண்டும் ஒன்றாயின. 1957-இல் வெளிவந்த அம்பாசடர் அவ்வகையினது. மோதலின் வேகத்தை முன்பகுதி நசுங்கித் தானே ஏற்றுக்கொண்டு, உள்ளிருப்போரைக் காக்கவேண்டும் என்னும் கருத்தைப் பேலா பாரெனி என்னும் பொறியாளர் மெர்சிடஸ்-பென்ஸ் நிறுவனத்தில் வகுத்தார். அதன் பின்னர் நசுங்கிய தகட்டை நிமிர்த்தல் அழகு பார்க்கும் வேலையாக மட்டும் நிற்கவில்லை. உயிர் காக்கும் வேலையும் ஆயிற்று.

ஒடுக்கெடுத்தல், அதாவது டிங்கர் வேலை, எளிதென எண்ணுவோர் பலர். தகட்டின் பின்புறத்தே இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, முன்புறத்தே சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். மிகுதியாகத் தட்டினால் தகடு நீண்டு உப்பிவிடும். நீண்டதைச் சுருக்க, தீச்சுடரால் சிறு புள்ளியளவு சூடேற்றி ஈரத்துணியால் ஆற்றுவர். பின்னர்ப் பட்டி பூசித் தேய்த்து, அடிப்பூச்சு இட்டு, பழைய வர்ணத்தோடு வேற்றுமை தோன்றாதவாறு புது வர்ணம் தெளிப்பர். கண்ணை விடக் கைவிரல் அங்கு நுட்பமாக அறியும். தேர்ந்தவர் கண்ணை மூடித் தடவியே மேடு பள்ளத்தைச் சொல்வர்.

பட்டறையில் இதற்கெனப் படிநிலைகள் உண்டு. முதலில் பையன் கருவி எடுத்துக் கொடுப்பான். நீர்த்தாள் கொண்டு தேய்ப்பான். அடுத்து, வெளியே தெரியாத அடித்தகட்டில் தட்டப் பழகுவான். அதன்பின் கதவு, பின் முன்பகுதி. கதவின் இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாய் அமையப் பொருத்துவோன் தேர்ந்த தொழிலாளியாவான். இறுதியில், வண்டியைச் சுற்றி வந்து ‘இத்தனை நாள், இவ்வளவு செலவு’ என்று மதிப்பிடுவோனே ஆசான். பலர் அதன்பின் சொந்தப் பட்டறை கண்டனர்.

எனினும் அவ்வேணியின் படிகள் ஏட்டில் இல்லை. நாம் இரயில்வே எழுத்தராய்ப் பணிப்பதிவேடுகளைப் புரட்டுகின்றோம். அங்கே உதவியாளர் தொழில் தேர்வு எழுதி மூன்றாம் நிலைத் தொழில்நுட்பர் ஆகிறார். பின் இரண்டாம் நிலை, முதல் நிலை, முதுநிலை. தேர்வில் வென்றால் இளநிலைப் பொறியாளர். ஒவ்வோர் ஏற்றமும் தேதியோடு பதிவாகின்றது. பட்டறையில் இருபது ஆண்டு தட்டியவர் ஆசானோடு மனம் வேறுபட்டு வெளியேறினால், அவ்விருபது ஆண்டுக்குச் சாட்சி யார்?

இக்குறையைக் காப்பீட்டு முறை மேலும் கூர்மையாக்கிற்று. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிறர்க்கு நேரும் தீங்குக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அவ்விதி 1946-இல் நடைமுறைக்கு வந்தது. நாளடைவில் வண்டியின் சேதத்துக்கும் காப்பீடு பரவியது. சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற அளவையர் வந்தார். அவ்வுரிமத்துக்குப் பொறியியல் பட்டயமோ பட்டமோ வேண்டும். வண்டியைத் தடவியே சேதத்தைச் சொல்லவல்ல ஆசான், அளவையர் எழுதும் தொகைக்குக் காத்து நிற்கும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இன்றைய வண்டிகளில் வலுமிக்க எஃகு வகைகள் உள்ளன. அவற்றைப் பழைய முறையில் சூடேற்றினால் வலுவிழக்கும். காற்றுப் பைகளும் உணரிகளும் உள்ளன. மின்கார்களில் உயர் மின்னழுத்தக் கலமும் உள்ளது. இருகலவை வர்ணங்களின் ஆவி நுரையீரலைத் தாக்கும். தக்க முகமூடியின்றித் தெளித்தல் ஆகாது. இவற்றைப் பார்த்துப் பழகி மட்டும் அறிதல் அரிது. படித்தும் அறிதல் வேண்டும்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடங்களில் வாகனக் கூண்டு பழுதுபார்ப்பும், வாகன வர்ணப் பூச்சும் தனித்தனித் தொழில்களாக உள்ளன. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகை பெற்றுக்கொண்டே பழகலாம். ஏற்கெனவே கையால் கற்றவரைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடும் 2015-க்குப் பின் நடுவண் அரசின் திறன் திட்டத்தில் அமைந்தது. பெரிய பணிமனைகளில் தொழில்நுட்பர், மதிப்பீட்டாளர், மேற்பார்வையாளர், மேலாளர் என ஏணி தெளிவாக உள்ளது. பயிற்சிக்குப் பின் பட்டயமும் படித்தவர்க்கு அளவையர் ஆகும் வாயிலும் திறக்கக் கூடும்.

நம் காலனிப் பெற்றோர்க்கு நாம் கூற விழைவது இதுவே. பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த நமக்கு நிலம் இல்லை. பிள்ளைகட்குத் தரவல்லது கல்வியும் தொழிலுமே. எழுத்தர் வேலையே வேலை என்று எண்ணி, கைத்திறன் மிக்க பிள்ளையைத் தேர்வுக்குப் பின் தேர்வாக எழுத வைத்து ஆண்டுகளைக் கழித்தல் அறிவுடைமை அன்று. மகனோ மகளோ தகடு தட்டக் கற்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால், சான்றும் படிப்பும் இன்றிப் பட்டறையில் விட்டுவிடாதீர். கையோடு ஏடும் சேரட்டும். 1938-இல் கூண்டு கட்டியவர்க்குக் கிட்டாத பெயர், நம் பிள்ளைகட்கேனும் கிட்டுவதாக.