தில்லானைக் கோட்டைக்கு ஒரு நடை

முழங்கால் வலியைச் சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் நம் வயதுக்காரர்களுக்காக இந்தப் பதிவு. மலை ஏற வேண்டாம், காட்டுக்குள் போக வேண்டாம். காலையில் குளச்சலில் பேருந்து ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். நடுவில் மரநிழலில் நல்ல நடையும் 280 ஆண்டுக் கதையும் கிடைக்கும்.

போன விடுமுறையில் பேரனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். முதலில் நம் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூண். தினமும் அதைக் கடந்து மீன் வாங்கப் போகிறோம், நின்று பார்ப்பதில்லை. 1741-ல் மிளகு வணிகத்துக்காகத் திருவிதாங்கூரோடு மோதிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இங்கேதான் இறங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் படை அதை முறியடித்தது. கடலோர மக்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, தூரத்துப் பார்வைக்குப் பெரும் படைபோலத் தோன்றினார்கள் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். தூண் அரசரின் வெற்றிக்கு. துடுப்பு பிடித்தவர்களுக்கு அந்தக் கதை மட்டும்தான்.

அங்கிருந்து திங்கள்சந்தை, இரணியல் வழியாகத் தக்கலை. நாகர்கோவில் செல்லும் பேருந்தில் மாறி ஏறினேன். நடத்துநரிடம் "உதயகிரிக் கோட்டை" என்றேன். பின்சீட்டுப் பெரியவர் ஒருவர், "தில்லானைக் கோட்டைதானே? புலியூர்க்குறிச்சியில இறங்குங்க" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் வேலை காரணமாக நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் ப்ரெவே வரை படித்தவன். பள்ளியில் கொஞ்சம் லத்தீனும் உண்டு. வாழ்நாள் முழுக்க எழுத்தராகக் கோப்பு புரட்டியவனுக்கு அந்தப் படிப்பால் பெரிய பயன் இருந்ததில்லை. தில்லானை என்று நம் மக்கள் சொல்லும் தெ லனுவா, வடபிரான்சில் அராஸ் நகரில் பிறந்தவர். லில் நகருக்குப் பக்கத்தில் லனுவா என்றே ஓர் ஊர் உண்டு. டச்சுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததால் நம் புத்தகங்களில் அவர் 'டச்சுத் தளபதி' டிலனாய் ஆகிவிட்டார்.

கோட்டைக்குள் சுமார் 90 ஏக்கர். நடுவில் ஒரு குன்று, சுற்றிலும் கருங்கல் மதில். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பாதை பெரும்பாலும் சமதளம். மான்கள், பறவைக் கூண்டுகள், மூலிகைச் செடிகள் எல்லாம் உண்டு. குன்றை இளவட்டங்களுக்கு விட்டுவிடுங்கள். பெரும்பாலோர் மான்களைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்து, கூரை இல்லாத பழைய தேவாலயம் வரை போங்கள். டிலனாயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

பேரன் கேட்டான்: "நம்மளோட சண்டை போட வந்தவருதானே? அவருக்கு ஏன் பாட்டா இங்க கல்லறை?"

நியாயமான கேள்வி. குளச்சலில் பிடிபட்டபோது டிலனாய்க்கு வயது 25. மார்த்தாண்ட வர்மா அவரைத் தண்டிக்கவில்லை, வேலைக்கு எடுத்துக்கொண்டார். முதலில் சிறு காவல் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கச் சொன்னார். அது பிடித்துப்போக, பொறுப்பு கூடிக்கொண்டே வந்து கடைசியில் அவர் 'வலிய கப்பித்தான்' ஆனார். இந்தக் கோட்டையைக் கல்லால் வலுப்படுத்தியவர் அவர். பீரங்கி வார்க்கும் பட்டறையும் இங்கே இருந்தது. நீலகண்ட பிள்ளையாக இருந்து 2022-ல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயத்துக்கு இவரோடு இருந்த நட்பு ஒரு தனிக்கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. லத்தீன் வாசகத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அறுபது வருடத்துக்கு முன் படித்தது அன்றைக்குத்தான் உதவியது. வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது அது. ஏறக்குறைய 37 ஆண்டுகள் உண்மையோடு அரசருக்கு ஊழியம் செய்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அடக்கித் தந்தவர், 62 வயதும் 5 மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1-ல் இறந்தவர் என்பது அதன் சாரம். எனக்கு அது ஒரு பணிப் பதிவேடு போலவே இருந்தது. நானும் 36 ஆண்டுகள் ஊழியம் பார்த்தவன். என்ன, எனக்கு ஓய்வூதியம் உண்டு, பிறந்த மண்ணில் வந்து இருக்கவும் முடிந்தது. அந்த மனிதர் அராஸுக்குத் திரும்பவே இல்லை.

பக்கத்திலேயே மனைவியின் கல்லறையும் மகனின் கல்லறையும் இருக்கின்றன. மகன் களக்காட்டுப் போரில் இருபதை ஒட்டிய வயதில் இறந்தவன். அதாவது, மகனை இந்த மண்ணில் புதைத்த பிறகும் தகப்பன் பத்தாண்டுக்கு மேல் அதே படையில் அதே வேலையைப் பார்த்திருக்கிறார். வெற்றித்தூணின் முன்னால் நின்றபோது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பேரனிடம், "சண்டைக்கு வந்தவருதான். ஆனா மகனையும் இங்கேயே குடுத்துட்டாரு. இதுக்கு மேல அவரை வெளியாளுன்னு எப்படிச் சொல்ல?" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மானைப் பார்க்கவும் அவசரப்படவில்லை.

தெம்பு இருந்தால் அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் இடைவேளையும் உண்டு. ஆகவே வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள். தண்ணீர் பாட்டிலும், மாத்திரையும், ஒரு குடையும் மறக்க வேண்டாம்.

முடிந்தால் பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். முதலில் கடற்கரைத் தூண், பிறகு கல்லறை என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். போய் வந்தவர்கள் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.