கண்ணில் விழுந்த பூ

பழனிமலைத் தொடரின் உச்சியில், கடல்மட்டத்துக்கு ஏழாயிரம் அடி உயரத்தில் அமைந்திருக்கும் கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் அனைவரும் கண்ணுக்காகவே வருகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. ஏரியைப் பார்த்து, தூண்பாறையைப் பார்த்து, கோக்கர் நடைபாதையில் நின்று பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மேகத்தையும் பார்த்துவிட்டு, திருப்தியோடு இறங்கிப் போகிறார்கள். இவ்வூரிலேயே நெடுங்காலம் வாசம் செய்யும் நானும் அவர்களைப்போலப் பார்த்துக்கொண்டே இருந்தவன்தான். கண்ணின் துணையில்லாமல் இவ்வூரை அறிய ஒரு வழி உண்டென்பதையும், அவ்வழியே போனால் இதன் சரித்திரம் வேறொரு கிரமத்தில் புலப்படும் என்பதையும் எனக்குக் கற்பித்தது, கண்ணில் பூ விழுந்து பார்வை இழந்த எங்கள் நாய் மணி.

மணி அல்சேஷன் ஜாதி. கம்பம் பள்ளத்தாக்கின் கோம்பை நாயும் ராஜபாளையத்து வெள்ளை நாயும் நம் நாட்டுப் பழைய ஜாதிகள். அல்சேஷனோ நேற்று வந்தது. 1899-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்தில் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, ஆடு மேய்க்கும் நாய் ஒன்றை விலைக்கு வாங்கி, அதையே மூலபுருஷனாக வைத்து இந்த வம்சத்தைத் தொடங்கினார். அதே 1899-இல்தான், சூரியனை ஆராய்வதற்கென்றே ஒரு வானாராய்ச்சி நிலையம் எங்கள் மலைமேல் ஸ்தாபிதமாயிற்று. தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டதைக் கண்ட பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனின் நிலைக்கும் சம்பந்தம் இருக்கக்கூடுமா என்று ஆராயும் எண்ணம் அரசாங்கத்துக்கு உண்டாகி, அதற்கு ஏற்ற இடம் தேடியபோது, தூசு படியாத மெல்லிய காற்றுள்ள இம்மலை அகப்பட்டது. சூரியக் களங்கங்களில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்ற வானசாஸ்திரி 1909-இல் கண்டுபிடித்ததும் இங்கிருந்துதான்.

அல்சேஷன் நாய்க்கும் வானாராய்ச்சி நிலையத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். வெயில்தான் உறவு. வானசாஸ்திரிகளுக்கு அநுகூலமாயிருந்த அதே மெல்லிய காற்று, புற ஊதாக் கிரணங்களையும் தாராளமாக இறங்கவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் அவற்றின் உக்கிரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடும். ஆகவே மதுரையைவிட இங்கே ஐந்தில் ஒரு பங்கு அதிகம். குளிர் இருப்பதால் சரீரத்துக்கு அது உறைப்பதில்லை. அல்சேஷன் நாய்களுக்கோ கருவிழியில் ஒரு வியாதி வம்சவழியாக வருகிறது. விழியின் வெளிப்புற ஓரத்தில் செந்நிற இரத்த நாளங்கள் தலைகாட்டி, சதைபோல் ஒரு படலம் மெல்ல மெல்ல நடுவை நோக்கிப் பரவி, பின்பு கருமை படிந்து, ஒளி புகும் வாசலையே மூடிவிடுகிறது. சரீரத்தின் காவல் சக்தி தன் விழியையே அந்நியமென்று மயங்கித் தாக்குவதால் நேரும் இந்நோயை வெயிலின் கிரணங்கள் தூண்டிவிடும். அமெரிக்காவின் கொலராடோ போன்ற உயர்ந்த மலைநாடுகளில் இது அதிகமாகவும் கடுமையாகவும் காணப்படுவதை வைத்தியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் இதையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கி, "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்பார்கள். புரை என்பது வேறு. அது கருவிழிக்குப் பின்னே உள்ள லென்ஸில் விழுவது, பல சமயங்களில் சஸ்திர சிகிச்சையால் எடுக்கக்கூடியது. இந்தப் படலத்தை எடுத்தாலும் மறுபடி வளரும். ஆரம்பத்திலேயே கண்டு, ஆயுள் முழுவதும் சொட்டு மருந்து விட்டு, உச்சி வெயிலில் வெளியே விடாமல் காத்தால் பார்வையைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொள்ளலாம். நான் ஆரம்பத்தில் காணவில்லை. மணிக்கு ஐந்து வயதாகையில் விழியோரம் சிவந்தது. சுள்ளிப் புகை பட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்தி வேளையில் படிக்கட்டின் தலையில் நின்று முன்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்தது. சோம்பல் என்று நினைத்தேன். மலையிறங்கிப் போய்க் கால்நடை வைத்தியரிடம் காட்டிய நாளில் பாதி விழி மூடிவிட்டிருந்தது. மருந்து அந்தப் படலத்தின் ஓட்டத்தைச் சில வருஷம் தாமதிக்கச் செய்தது, அவ்வளவே. இதை எழுதும்போதும் அந்தப் பிழை என் மனத்தை விட்டு அகலவில்லை.

பார்வை முற்றும் போன பின்பு, ஊசி போட்டு அனுப்பிவிடுவதே தர்மம் என்று இரண்டொருவர் சொன்னார்கள். கருணையால்தான் சொன்னார்கள், ஆயினும் எனக்கு அது ஒப்பவில்லை. திருவண்ணாமலை ஜில்லாவில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திர பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளுக்காகப் போராடி மடிந்ததைச் சொல்லும் அக்கல், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் உருவமாகச் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேலாக ஒரு நாயின் பெயரைக் கல்லில் காத்துவரும் நாட்டில் பிறந்தவன், தன் வீட்டு வாசலைக் காத்த நாயின் முதுமையைக் காக்கமாட்டானா?

காப்பதும் நாம் அஞ்சுகிற அளவு கஷ்டமான காரியமன்று. வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்றாமலிருப்பதே முதல் விதி. மணியின் தண்ணீர்ச் சட்டி அடுப்படி நிலைக்கு இடப்புறம் இருந்தது. எட்டு வருஷம் அங்கேயே இருந்தது. படிக்கட்டின் தலையில் ஒரு சணல் சாக்கை விரித்தோம். பாதத்தில் சாக்கின் சொரசொரப்புப் பட்டதும் அது நின்று, முன்காலால் முதற்படியைத் தட்டிப் பார்த்து, பிறகு ஏழு படிகளையும் தாளம் தப்பாமல் இறங்கும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைத்தோம். என் மனைவி காலில் பழைய கொலுசு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இருட்டிய பின்பு மட்டும் வெளியே விடுவதில்லை. காட்டெருமைகள் தெருவிலேயே நடமாடும் ஊர் இது.

காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணியோடு நடக்கத் தொடங்கியபோதுதான் நான் மேலே சொன்ன சரித்திரம் எனக்குத் திறந்தது. அது நின்று முகர்ந்த இடத்திலெல்லாம் நானும் நின்றேன். முதலில் தைல மரங்களின் காரமான நெடி. ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மரம் அது. மாசி மாதமானால் அதே தேசத்து வேல வகையான வாட்டில் மரத்தின் மஞ்சள் பூவாசம். வேலியோரம் அழுகிக் கிடக்கும் பேரிக்காயின் புளித்த இனிப்பு. அதுவும் துரைமார் வந்த பிறகு வந்தது. கீழ்நாட்டு ஜுரத்துக்கும் காலராவுக்கும் தம்மவரைப் பலிகொடுத்த மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள், 1845-இல் இங்கே ஏறி இரண்டு பங்களாக்கள் கட்டிய நாளில் இவ்வாசனைகள் இருந்திருக்க இடமில்லை. சற்றே இறங்கினால் சேற்றின் வாடை வரும். கலெக்டர் லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. அதற்கு முன் அது சதுப்பு நிலம். மாட்டுச்சாணமும் மலைப்பூண்டும் கலந்து மணக்கும் சந்தைத் தெருவில் மணி வெகுநேரம் நிற்கும். பூண்டும், மேல்மலைக் கிராமத்தாரின் கம்பளி வாடையும், விறகுப் புகையும் கலந்த அந்தக் காற்றே இங்கு எல்லாவற்றிலும் பழையது என்பது என் அபிப்பிராயம்.

நாம் ஒரே மூடுபனியாகக் கண்டு திகைக்கும் காலைகளில் நான் வழி தவறியதுண்டு. மணி தவறியதில்லை. பனியில் எங்கள் இருவருக்கும் கண் ஒன்றுதான். மூக்கு அதற்கு மட்டுமே இருந்தது.

மணி குட்டியாக எங்களிடம் வந்தது 2006-இல், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி பூத்த வருஷம். ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்கும் இடையிலுள்ள காலம் ஏறக்குறைய ஒரு நாயின் ஆயுள். ஆகவே அடுத்த பூவை அது காணாது என்றே எண்ணியிருந்தேன். 2018 ஆவணியில், இலங்கை பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியார் லீலாவதி அம்மையார் 1936-இல் எழுப்பிய குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். வானம் தெளிந்து, தூரத்தில் பழனியாண்டவர் குன்று சிறு புள்ளியாகத் தெரிந்தது. கோயிலுக்கு அப்பால் சரிவெல்லாம் நீலம். மணியைப் புதர்களின் நடுவே இறக்கிவிட்டேன். எனக்கு எட்டும்படியான வாசனை ஏதும் அப்பூவில் இல்லை. மணியும் இரண்டொரு கொத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு காதுகளை நிமிர்த்தி அசையாமல் நின்றது. அப்போதுதான் நானும் கேட்டேன்: சரிவு முழுவதும் தேனீக்கள். வெயில் ஏறுகிற வரையில் அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நான் கயிற்றை இழுக்கவில்லை.