நம்பை: நிறுவலும் பதிப்புச் சிக்கல்களும்

பைத்தான் மொழியில் எண் அணிகளைக் கையாளும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பு நம்பை. டிராவிஸ் ஒலிபன்ட் உருவாக்கிய இதன் 1.0 பதிப்பு 2006இல் வந்தது, 2.0 வெளியானது 2024 ஜூனில். பாண்டாஸ், சைபை எனப் பல தொகுப்புகள் இதன்மேல் எழுந்து நிற்பதால், இங்கு ஏற்படும் மாற்றம் அவை அனைத்தையும் தொடும்.

மிகுதியாகத் தொல்லை தருவது இரும இணக்கமின்மை. பாண்டாஸின் வேகமான பகுதிகள், நம்பையின் உள்ளமைப்புக்கு ஏற்பக் கம்பைல் செய்யப்பட்டவை. 1.x பதிப்பை வைத்துக் கம்பைல் செய்தவை 2.0இல் இயங்கா. தரவு வகையைக் குறிக்கும் டிடைப் அமைப்பின் அளவு மாறிவிட்டது, எதிர்பார்த்தது 96, கிடைத்தது 88 என்று பிழைச்செய்தி வரும். அந்த எண்கள் பைட் அளவுகள். பாண்டாஸை இறக்குமதி செய்யும்போது பிழை தோன்றுவதால் பலர் அதையே திரும்பத் திரும்ப நீக்கி நிறுவுகிறார்கள். இரண்டின் பதிப்பு எண்களையும் பார்ப்பதே முதல் வேலை. பாண்டாஸை 2.2.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு உயர்த்தலாம். பழைய நிரலைத் தொட முடியாதபோது நம்பையை 1.26.4இல் நிறுத்தி வைக்கலாம்.

நிறுவிய பின்னும் தொகுப்பு இல்லை என்று வந்தால், தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப், அதை வேறொரு பைத்தானில் நிறுவியிருக்கக்கூடும். பிப்பைத் தனிக் கட்டளையாக அழைக்காமல், நிரலை இயக்கும் அதே பைத்தானின் வழியாக அழைத்தால் இது தீரும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மெய்நிகர்ச் சூழல் வைப்பது இன்னும் பாதுகாப்பு. அதற்கான வென்வ் கருவி பைத்தான் 3.3 முதல் உடன்வருகிறது. டெபியன் 12 லினக்ஸிலும் இத்தகைய சூழல் உதவும்: அங்கே, கணினியின் பொதுப் பைத்தானில் பிப் நேரடியாக நிறுவ மறுத்துவிடும்.