ரெட் லேடர் நாடகக் குழு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த அரசியல் நாடகக் குழு, பதிவுபெற்ற அறக்கட்டளை. 1968இல் லண்டனில் 'அஜிட்பிராப் ஸ்ட்ரீட் பிளேயர்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. வாடகை உயர்வை எதிர்த்த குடியிருப்போருக்காகத் தெருவில் நடித்த அந்நாட்களில் சிவப்புச் சாயம் பூசிய ஏணி ஒன்றே முக்கிய மேடைப்பொருள். அதுவே பின்னர் பெயரானது. 1970களில் லீட்ஸுக்கு இடம்பெயர்ந்தது.

இங்கிலாந்து கலை மன்றம் தன் 'தேசியப் பட்டியலில்' உள்ள அமைப்புகளுக்குப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து நிதி ஒதுக்கும். 2014 ஜூலையில் வெளியான புதிய பட்டியலில் ரெட் லேடர் இல்லை. 2015 ஏப்ரலோடு நிதி முற்றாக நின்றது. தனித்தனி நாடகங்களுக்கு மானியம் கேட்கலாம்தான். ஆனால் ஒரு நாடகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அலுவலக வாடகையும் சம்பளமும் யார் தருவது? சிறு குழுக்கள் பெரும்பாலும் சாய்வது இந்த இடைவெளியில்தான்.

குழு பார்வையாளரிடமே கையேந்தியது. 'சேவ் ரெட் லேடர்' இயக்கத்தில் சிறு நன்கொடைகள் திரண்டன. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சுரங்க ஊர்ச் சகோதரிகள் மூவர் வழியே சொல்லும், பாஃப் வேலி எழுதிய 'வி ஆர் நாட் கோயிங் பேக்' அப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது; குழுவுக்கு அதைவிடப் பொருத்தமான விளம்பரம் அமைந்திருக்காது. தொழிலாளர் மன்றங்கள், ரக்பி கிளப்புகள் போன்ற அரங்கமல்லாத இடங்களை இணைத்து 'ரெட் லேடர் லோக்கல்' என்ற சுற்றும் உருவானது. 2016இல் மேற்கு யார்க்‌ஷயர் பிளேஹவுஸுடன் சேர்ந்து 'தி டாம்ட் யுனைடெட்' நாடகத்தை மேடையேற்றியது.