ஆயுட்கால வேட்டை உரிமை தகுமா?

அமெரிக்க மாநிலங்கள் பல, வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் ஆயுட்கால லைசென்ஸ் வழங்குகின்றன. அம்முறை நம் நாட்டுக்கு ஏற்றதா? சரித்திரமே விடை பகரும்.

யானை, காட்டெருமை வேட்டையைப் பற்றி 1905இல் நூல் எழுதிய தியோடர் ஹப்பாக், பின்னர் வனவிலங்குகளைக் காக்கவே முனைந்தார்; மலாயா வனவிலங்கு விசாரணை அறிக்கையை 1932இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பேராக்கில் ஜாவா காண்டாமிருகம் ஒன்று சுடப்பட்டது. மலாயாவில் அவ்வினம் அத்துடன் அற்றது. மான்கள் அருகியமையால் 2009இல் தீபகற்பத்தில் மான் வேட்டையை அரசு நிறுத்தியது. ஆயுட்காலச் சீட்டு விற்றிருப்பின் அவ்வாறு நிறுத்துதல் எளிதாமோ?

மேலும், மொத்தப் பணம் கட்டத் தனவான்களுக்கே இயலும். ஸ்ரீ கெம்பாங்கானின் பழைய ஈயக்குட்டையில் தூண்டிலிடும் தொழிலாளிக்கு இயலாது. நாளை எத்தனை மான் எஞ்சுமென அறியாத அரசு, ஆயுள் முழுதும் சுடும் உரிமையை விற்றல் ஆகாது. ஆண்டுச் சீட்டே முறையென நாம் கூறுவோம்.