தமிழ்நாட்டில் வீட்டுக் கணினி வலையமைப்பு

வீட்டுக் கணினி வலையமைப்பு என்பது ஒரு வீட்டிலுள்ள கணினி, அச்சுப்பொறி, கைபேசி முதலியவற்றை இணைத்து, ஒரே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்ளச் செய்யும் அமைப்பு ஆகும்.

தொடக்கம்

1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. தொடக்க நகரங்களுள் சென்னையும் ஒன்று. அக்காலத்தில் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றித்தான் கணினி இணையும். இணைந்திருக்கும்வரை அந்தத் தொலைபேசியில் பேச முடியாது.

அகலப்பட்டை

2005இல் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவை வந்தது. மோடத்துடன் ரௌட்டரும் சேர, ஒரே இணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்டன. ஆனால் செம்புக் கம்பி நீள நீள வேகம் குறையும். நீலகிரியின் எமரால்டு போன்ற மலையூர்களில், தொலைபேசி நிலையத்திலிருந்து தள்ளியிருக்கும் தோட்ட வீடுகளுக்கு இது பெருந்தடை.

பழைய கணினிகள்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. அவற்றில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. ஆயினும் அக்கணினிகள் வீணாகிவிடவில்லை. 1983இல் தரப்படுத்தப்பட்ட ஈதர்நெட், புதிய கருவி பழைய கருவியின் வேகத்துக்கு இறங்கி வரும் வகையில் வளர்ந்தது. நினைவகத்தைக் கூட்டி, வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தி, புதிய லினக்ஸ் பதிப்பை நிறுவினால், பரணில் கிடக்கும் மடிக்கணினியும் தம்பி தங்கையின் படிப்புக்கு உதவும்.